நேராப் பாரு, சிரிக்காதே

"மஞ்சள் மஞ்சளாகவே விழுமா?" என்று அக்கா கடைக்காரரிடம் கேட்டாள்.

சாந்தினி சௌக்கில் காமிராக் கடைகளாகவே இருக்கும் ஒரு சந்து அது. கடைக்காரர் வயதான சர்தார்ஜி. கேள்வி புரியாமல் என்னைப் பார்த்தார். அக்கா தன் பையைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த ஒரு சின்ன கவுனை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் விரித்தாள். "இந்த மஞ்சள். படத்துல வெள்ளையாப் போயிரப்பிடாது. ஆரஞ்சாவும் ஆயிரப்பிடாது. அவர்ட்ட சொல்லுட்டி" என்றாள். நான் ஹிந்தியில் சொன்னேன். நல்ல ஃபிலிம் போட்டு நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் நிறம் மாறாது என்றார் அவர். அக்கா கவுனைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டாள். அடுத்த பரீட்சை ஆரம்பமானது.

ஒவ்வொரு காமிராவாக வாங்கித் தன் ஆபீஸ் பைக்குள் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் போடுவாள். ஜிப்பை மூடுவாள். பிறகு ஜிப்பைத் திறந்து, காமிராவை எடுத்து, கண்ணில் வைத்துப் பட்டனை அழுத்துவாள். இத்தனைக்கும் நான் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். தோல் உறையும் இரண்டு பித்தான்களும் உள்ள பெரிய காமிராவுக்குப் பதினேழு வரை எண்ணினேன். "பதினேழுக்குள்ள ஒரு பிள்ள ரோட்டைக் கடந்து போயிரும்" என்று சொல்லி அதை ஒதுக்கினாள். கடைக்காரர் பொறுமை இழந்து, "பெஹன்ஜி, நீங்கள் போட்டோ எடுக்கப் போகிறீர்களா, திருடனைப் பிடிக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்த மஞ்சள் கவுனின் கதை எனக்குத் தெரியும் என்பதால் நானும் சிரிக்கவில்லை.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். சொந்த அக்கா இல்லை. கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு டெல்லி வந்த புதிதில், சரோஜினி நகரில் அவளுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முன்னறையில் எனக்கு இடம் கொடுத்தாள். ஆசிய விளையாட்டுக்காக நகரம் முழுக்க மேம்பாலங்கள் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள். அக்காவும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் மேல்நிலை குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கம். கணவர் ராணுவத்தில், எல்லையோரத்தில் எங்கோ இருந்தார். வீட்டில் அவளும் ஐந்து வயது மகள் மல்லிகாவும்தான்.

அரசாங்க வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது. அதனால் நான் அக்காவின் சித்தி மகள். இதைச் சொல்லிக் கொடுத்ததோடு அவள் விடவில்லை. சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "எங்க சித்தி பேரு என்ன?" என்பாள். நான் சொல்ல வேண்டும். "சித்தப்பாவுக்கு என்ன வேலை?" சொல்ல வேண்டும். "சித்தப்பா உசிரோட இருக்காரா?" ஒருமுறை இந்தக் கேள்விக்கு நான் முழித்துவிட்டேன். "பாத்தியா. இன்ஸ்பெக்டர் இதத்தான் கேப்பான்" என்றாள். நான் இருந்த நான்கு வருஷத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை. சித்தப்பா இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது என்பது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அவள் பையில் எல்லாம் இருக்கும். டார்ச், மெழுகுவர்த்தி, ஊக்குகள், வயிற்று வலி மாத்திரை, ரேஷன் கார்டின் அட்டெஸ்ட் செய்த நகல் இரண்டு, செருப்பு அறுந்தால் கட்டச் சணல் கயிறு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்குவாள். படி இறங்கியதும் "காஸை மூடினேனாட்டி?" என்பாள். மூடியதை நான் பார்த்திருப்பேன். ஆனாலும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். இதனால் நாங்கள் பிடிக்க வேண்டிய பஸ் பலமுறை எங்கள் கண்ணெதிரே போனது. அக்கா சொல்வாள், "பஸ் போனா அடுத்த பஸ் வரும். வீடு போனா வருமா?"

இவ்வளவு முன்ஜாக்கிரதையான மனுஷிக்குத்தான் அது நடந்தது. நடந்ததற்குக் காரணம் நான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சரோஜினி நகர் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் பார்க்கப் போயிருந்தோம். அக்கா பேரம் பேசுவதற்காக மல்லிகாவின் கையை என் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்றாள். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நீல ஸ்வெட்டரின் கை எனக்கு நீளம் போதுமா என்று பார்க்க ஆசையாக இருந்தது. குழந்தையின் கையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் அதற்குள் நுழைத்துப் பார்த்தேன். அவ்வளவு நேரம்தான். குனிந்தபோது குழந்தை இல்லை.

அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு கடையாக, தொங்கிக்கொண்டிருந்த துணிகளைத் தள்ளித் தள்ளி, "பாப்பா, பாப்பா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுக்கொண்டு போனாள். அரை மணி நேரம் கழித்து மார்க்கெட் ஓரத்திலிருந்த போலீஸ் சௌக்கிக்குப் போனோம். கான்ஸ்டபிள் முதலில் கேட்டது போட்டோ. அக்காவின் பையில் போட்டோவும் இருந்தது. பெருமையோடு என்று சொல்லக் கூடாது, ஒரு நம்பிக்கையோடு எடுத்துக் கொடுத்தாள். திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது ஸ்டூடியோவில் எடுத்த படம். ஒரு வயதுக் குழந்தை, தலையில் சந்தனம். கான்ஸ்டபிள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் முடியே இல்லையே. இதை வைத்து யாரைத் தேடுவது?" என்றார். சிடுசிடுப்பாகச் சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்போல.

"என்ன நிற உடுப்பு?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். "நீலம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீலம்தானட்டி?"

என் கண்ணில் இருந்தது அந்த நீல ஸ்வெட்டர் ஒன்றுதான். நான் தலையை ஆட்டினேன்.

நீலக் கவுன் போட்ட ஐந்து வயதுப் பெண் குழந்தை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மார்க்கெட்டின் பின் வரிசையில் கம்பளி நூல் விற்கும் ஒரு பஞ்சாபி அம்மாள் அதை நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் மல்லிகா உட்கார்ந்து நூல் உருண்டைகளை நிறவாரியாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இந்தக் குழந்தை போட்டிருந்தது மஞ்சள். இவள் வேறு யாரோ, இவளுடைய அம்மா பக்கத்தில் எங்கேயோ துணி வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டாள். கடையைக் கட்டும் நேரத்தில்தான் சந்தேகம் வந்து சௌக்கிக்குக் கூட்டிவந்தாள். இரண்டரை மணி நேரம். அதில் பாதிக்கு மேல் எங்கள் நீல நிறத்தால் போனது.

அன்றைக்கு அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தக் குழந்தையின் கையை அவள் என்னிடம் கொடுத்ததேயில்லை. பையைக் கொடுப்பாள், குடையைக் கொடுப்பாள், சம்பளக் கவரைக்கூடக் கொடுப்பாள். ரோட்டைக் கடக்கும்போது குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வாள்.

காமிரா வாங்க வேண்டும் என்று அவள் சொன்னது அந்த வாரத்தில்தான். சொன்ன பிறகு ஐந்து மாதம் யோசித்தாள்.

ஆபீஸில் போட்டோ எடுப்பதில் ஆர்வமுள்ள ஒருவர் பெரிய காமிராவே நல்லது, லென்ஸ் மாற்றலாம் என்றார். "லென்ஸை மாத்துத வரைக்கும் பிள்ள நிக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெட்டிக் காமிரா இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான் என்றதும் முகம் சுருங்கியது. சாக்லேட் பட்டை மாதிரி மெலிதான ஒன்றைப் பார்த்தபோது ஆசைப்பட்டாள். அது எடுத்த படத்தில் முகம் ரவை தூவினாற்போலப் பொரிப்பொரியாக இருந்தது. "மச்சம் தெரியல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மல்லிகாவுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு.

அவள் மனசு உண்மையாகவே போனது, எடுத்த உடனே படத்தை வெளியே துப்பும் காமிராவின் மேல்தான். தரைக்கு அடியில் இருக்கும் பாலிகா பஜாரில் ஒருவன் காட்டினான். எங்கள் கண்முன்னால் வெள்ளைக் காகிதத்தில் என் முகம் மெல்ல மெல்லத் தேறி வந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஃபிலிம் எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். ஹாங்காங்கிலிருந்து ஆள் வரும்போது வரும் என்றான்.

வெளியே வரப் படி ஏறும்போது அக்கா, "ஹாங்காங்லேந்து ஆள் வார வரைக்கும் எம்பிள்ள தொலையாம இருக்கணுமாக்கும்" என்றாள்.

கடைசியில் சர்தார்ஜி கடையில் அவள் எடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புக் காமிரா. வெளிநாட்டில் செய்தது, யாரோ வைத்திருந்து விற்றது. முப்பத்தாறு படம் எடுக்கலாம். ஃபிலிம் எந்த மூலையிலும் கிடைக்கும். தூரத்தை அளக்க வேண்டாம்; ஒரு முகமா, மூன்று பேரா, மலையா என்று படம் போட்டிருக்கும் வளையத்தைத் திருப்பினால் போதும். ஃபிளாஷ் உள்ளேயே இருந்தது. பையிலிருந்து எடுத்து அழுத்த நான்கு வரைதான் எண்ணினேன். இன்னொரு தரம் எண்ணச் சொன்னாள். அப்போதும் நான்குதான். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மார்க்கெட்டோ, மலைமந்திர் கோயிலோ, கல்யாண வீடோ, கூட்டமுள்ள எந்த இடத்துக்குக் கிளம்பினாலும் மல்லிகா கதவுக்குப் பக்கத்துச் சுவரில் போய் நிற்க வேண்டும். அன்றைக்குப் போட்டிருக்கும் உடுப்போடு ஒரு படம். முதலில் நேராக. பிறகு மச்சம் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. குழந்தை காமிராவைக் கண்டதும் பல்லைக் காட்டும். "நேராப் பாரு. சிரிக்காதே" என்பாள் அக்கா.

"சிரிச்சா என்னக்கா? நல்லாத்தானே இருக்கு" என்றேன் ஒரு நாள்.

"சிரிச்சா மூஞ்சி மாறிரும். தொலைஞ்ச பிள்ள சிரிச்சுக்கிட்டா இருக்கும்?"



கலர் படம் கழுவி வர ஒரு வாரம் ஆகும். மார்க்கெட்டில் படம் கழுவுகிறவர் பேச்சோடு பேச்சாக ஒருநாள் கேட்டார். "குழந்தை தொலைந்தால் காட்டத்தான் என்கிறீர்கள். இன்றைக்குத் தொலைந்தால் இன்றைக்கு எடுத்த படம் காமிராவுக்குள்தானே இருக்கும்? அதை வைத்து என்ன செய்வீர்கள்?" எனக்கு எப்போதோ தோன்றி, சொல்லத் துணியாமல் விட்ட கேள்வி. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஷோகேஸில் இருந்த கல்யாணப் படங்களைப் பார்த்தேன். அவள் கவரை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அதைவிட மோசமானது ஜன்மாஷ்டமியன்று நடந்தது. கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். பச்சைப் பாவாடையில் சுவரோடு ஒட்டி நின்ற மல்லிகா, சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி, "அம்மா, ஆஜ் நான் தொலைஞ்சு போவேனா?" என்று பாதி ஹிந்தியில் கேட்டாள். இன்றைக்கு மழை வருமா என்று கேட்பதுபோல இருந்தது. அக்கா காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. பட்டனை அழுத்தினாள். "போமாட்டே. பக்கவாட்டுல திரும்பு" என்றாள்.

அன்று மாலை சமையலறையில் நான் அவளிடம் சண்டை போட்டேன். சண்டை என்பது பெரிய வார்த்தை. "அந்தப் படத்தால பிரயோஜனமில்லன்னு உங்களுக்கே தெரியும்க்கா. குழந்தைய ஏன் இப்படிப் பயமுறுத்தறீங்க?"

அக்கா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள். அடுத்த காயை எடுத்துக்கொண்டே, "அன்னைக்குக் காலம்பற அந்த மஞ்சக் கவுனை நாந்தான் போட்டுவிட்டேன். பொத்தானும் நாந்தான் மாட்டுனேன். மாட்டும்போது காஸு, பூட்டு, பையின்னு என்னத்தையோ நெனச்சுக்கிட்டிருந்தேன். பிள்ளையப் பாக்கவேயில்ல. இப்பம் படம் எடுக்கணுமேன்னாவது ஒரு நிமிஷம் அவள முழுசாப் பாக்கேன்" என்றாள்.

நான் வெண்டைக்காயை வாங்கி நறுக்கத் தொடங்கினேன். ஸ்வெட்டரைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் கணவர் லீவில் வந்தார். வாட்டசாட்டமான, சத்தமாகச் சிரிக்கிற மனிதர். மார்க்கெட்டில் நடந்ததை அக்கா அவருக்கு எழுதவேயில்லை. "அங்க துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கவருக்கு இது வேறயா" என்று மறைத்திருந்தாள். வந்த இரண்டாம் நாள் அவர் ஆல்பத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே சுவர், அதே குழந்தை. உடுப்பு மட்டும் வேறு. எதிலும் சிரிப்பு இல்லை. "என்னளா இது? ஸ்டேஷன்ல ஒட்டுத படம் மாதிரி இருக்கு!" என்று சிரித்தார்.

"நான் தொலைஞ்சு போனா போலீசுக்குக் குடுக்கறதுக்கு, அப்பா. ஒரு தடவை தொலைஞ்சேன்ல, அதான்" என்றாள் மல்லிகா.

அவர் சிரிப்பு நின்றது. அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

"கூட்டத்துல என் கையி நழுவிட்டு" என்றாள் அக்கா.

அவர் மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மீதிப் பக்கங்களையும் மெதுவாகப் பார்த்து முடித்தார். லீவு முடிந்து போகும்போது ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனார் என்பதைப் பின்னால்தான் கண்டுபிடித்தோம்.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு நாள், பத்தரை மணி இருக்கும், என் ஆபீஸுக்கு அக்காவிடமிருந்து போன். "காமிரா இல்லட்டி. பையில இல்ல. பஸ்ஸுல எவனோ எடுத்துட்டான்." பிறகு சொன்னாள், "காமிரா போனாப் போவுது. உள்ள படம் இருந்துச்சு." சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தபோது பள்ளிக்கூட பஸ் வந்தது. மல்லிகா இறங்கி வந்து, புத்தகப் பையைத் திறந்து, அதை எடுத்து நீட்டினாள். அக்கா அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. "ஏன் எடுத்தே?" என்றாள். "சும்மா" என்றாள் மல்லிகா. அதற்குமேல் அவளிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை.

படங்கள் கழுவி வந்தன. வழக்கமான சுவர்ப் படங்களுக்குப் பின்னால் மூன்று புதிது. ஒன்றில் பஸ் சீட்டின் முதுகு. இன்னொன்றில் முன்பல் இல்லாத ஒரு சிறுமி வாயைப் பிளந்து சிரித்தாள். மூன்றாவது பஸ்ஸின் பின் கண்ணாடி வழியே எடுத்தது. தெருவில் பிள்ளைகளை ஏற்றிவிட்ட நான்கைந்து அம்மாக்கள். எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் நடு ரோட்டுக்கு வந்து நின்றாள். கை பாதி தூக்கிய மட்டில் நின்றிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ அவள் கண்முன்னால் எதையோ பிடுங்கிக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது அந்த முகம்.

"இது யாரு?" என்று கேட்டாள் அக்கா. உண்மையாகவே கேட்டாள். பிறகு சேலையைக் கவனித்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"தெனமும் இப்படியாட்டி நிக்கேன்?"

நான் பதில் சொல்லுமுன் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மல்லிகா நிமிராமலே சொன்னாள். "ஆமா. தினமும். பஸ் திரும்பற வரைக்கும். அதான் நான் பின்னாடி பாக்கறதேயில்ல. அன்னிக்கி மட்டும் பாத்தேன்."

அக்கா படத்தை ஆல்பத்தில் வைக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. அன்று இரண்டு பேருக்கும் சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள், காஸை மூடினாளா என்று மூன்று தரம் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் மாறிவிட்டாள் என்று எழுதினால் பொய். பூட்டில் தொங்குவதை அவள் கடைசிவரை விடவில்லை. சுவர்ப் படங்கள் குறைந்தன. குறைந்து குறைந்து, ஒரு ரோல் முடிய நான்கு மாதம் ஆயிற்று. அவ்வளவுதான்.

ஆனால் மறுநாள் காலை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்கு நானும் கூடப் போனேன். மல்லிகா ஏறினாள். மற்ற அம்மாக்கள் கையாட்டினார்கள். பஸ் கிளம்பும் முன்பே அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வேகமாக நடந்தாள். கழுத்து விறைத்திருந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். பின்னால் பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"திரும்பட்டுமாட்டி?"

"வேண்டாம்க்கா. நடங்க."

"நீ பாரு. எனக்காக நீ பாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். பஸ் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடி முழுக்கக் காலை வெயில். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை.

"பாக்காளா? என்ன செய்தா?"

"டாட்டா காட்டுறாக்கா" என்றேன்.

அக்கா நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. நடந்துகொண்டே கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.